கூட்டணி ஒப்பந்தம்: லாபத்தைப் பணயம் வைக்காமல் ஒத்துழைப்பு வருமா?

மூலைமட்டம்:
200 படுக்கை மருத்துவமனை. ஒரு பேஸ்மென்ட், தரைத்தளம், மேலே 6 மாடி. வழக்கமான வழி எல்லோருக்கும் தெரியும்: ஆர்க்கிடெக்ட் வரைவார், டெண்டர் போடுவோம், எல்-1 (குறைந்த விலை சொன்னவர்) வருவார், ஆறேழு மாதம் கழித்து எம்.இ.பி.க்கு (ஏசி, எலக்ட்ரிகல், பிளம்பிங்) தனி டெண்டர். இன்னொரு வழி, முதல் கோடு போடும்போதே எல்லோரையும் உட்காரவைப்பது. ஐ.பி.டி. (ஒருங்கிணைந்த திட்ட ஒப்படைப்பு), அலையன்ஸ் (கூட்டணி ஒப்பந்தம்), இ.சி.ஐ. (கான்ட்ராக்டரை முன்கூட்டியே சேர்ப்பது), சி.எம். அட் ரிஸ்க் என்று பெயருக்குக் குறைவில்லை. எந்த ஆவணத்தைத் திறந்தாலும் "ஒத்துழைப்பு" என்று எழுதியிருக்கிறது. உண்மையில் எது வேறு? கணக்குப் போட்டுக் காட்டுங்கள். "மனப்பான்மை மாறவேண்டும்" வகைப் பதில் வேண்டாம்.

அளவுப்புத்தகம்:
பெயரை விடுங்கள். இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, கான்ட்ராக்டரின் செலவுக் கணக்கு உங்களுக்குத் திறந்திருக்கிறதா. இரண்டு, அவருடைய லாபம் அவர் வேலையோடு நிற்கிறதா, மொத்தத் திட்டத்தின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறதா. இரண்டாவது இல்லையென்றால் அது சாதாரண ஒப்பந்தம்தான், மேலே ஒரு நல்லெண்ண ஷரத்து ஒட்டியிருக்கும். சி.எம். அட் ரிஸ்க் அந்த வகை: கான்ட்ராக்டர் டிசைன் நிலையிலேயே வந்து ஆலோசனை சொல்வார், ஆனால் உச்ச விலைக்கு (இதற்குமேல் போகாது என்ற விலை) கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்து பழைய ஆட்டம் தொடங்கிவிடும்.

அலையன்ஸில் பணம் மூன்று கூறாக வரும்.

முதல் கூறு நேரடிச் செலவு: பொருள், கூலி, எந்திரம், சைட் ஆபீஸ், சைட் எஞ்சினியர் சம்பளம். என்ன ஆகிறதோ அது, பில் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டியது. இதில் லாபம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. இரண்டாம் கூறு கம்பெனியின் தலைமையகச் செலவும் லாபமும். இது தொடக்கத்திலேயே தொகையாக நிர்ணயமாகிவிடும். வேலைச் செலவு ஏறினாலும் இது ஏறாது. மூன்றாவது, இலக்குச் செலவுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பங்கிடுவது.

இலக்குச் செலவு 200 கோடி, கட்டணம் (அந்த இரண்டாம் கூறு) 24 கோடி, பங்கீட்டில் உரிமையாளருக்குப் பாதி, மற்ற எல்லோருக்கும் சேர்த்துப் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

190 கோடியில் முடிந்தால் மிச்சம் 10. அதில் 5 கோடி கட்டணத்தோடு சேரும். உரிமையாளர் கொடுப்பது 190 + 24 + 5 = 219.

230 ஆனால் மிகை 30. அதில் 15 கோடி கட்டணத்திலிருந்து வெட்டப்படும், மிஞ்சுவது 9. உரிமையாளர் கொடுப்பது 239.

இந்த 15 கோடி வெட்டு யார் தலையில் என்பதுதான் முக்கியம். கட்டண விகிதப்படி எல்லோர் தலையிலும். 24 கோடியில் சிவில் கான்ட்ராக்டருக்கு 16, எம்.இ.பி.க்கு 5, டிசைன் ஆட்களுக்கு 3 என்றால் வெட்டு முறையே 10, 3.125, 1.875 கோடி. தவறு யாருடையது என்று கேட்பதே இல்லை. ஆர்க்கிடெக்ட் படத்தைத் தாமதமாகக் கொடுத்தால் சிவில்காரரின் லாபம் கரைகிறது. அதனால் "படம் வரவில்லை" என்று கடிதம் எழுதி ஃபைலில் வைப்பதில் அவருக்கு நயாபைசா பிரயோஜனம் இல்லை. தன் ஆளை அனுப்பிப் படத்தை முடித்துவாங்குவதில்தான் பணம் இருக்கிறது.

சென்ட்ரிங்:
260 ஆனால்?

அளவுப்புத்தகம்:
மிகை 60, பாதி 30. ஆனால் வெட்டுக்கு உச்சவரம்பு கட்டணத் தொகைதான், 24. உரிமையாளர் முழு 260 கொடுப்பார், மற்றவர்கள் லாபமில்லாமல் வேலை முடித்துக் கொடுப்பார்கள். 248ஐத் தாண்டியபின் ஒவ்வொரு ரூபாயும் உரிமையாளருடையது.

சென்ட்ரிங்:
அதைத்தான் சொல்லவைக்க நினைத்தேன். லம்ப்சம்மில் (மொத்த வேலைக்கும் ஒரே நிலையான தொகை) கான்ட்ராக்டர் தலையில் போகும் அபாயத்தை எதற்கு உரிமையாளர் தானே தூக்கிச் சுமக்கவேண்டும்? 248க்குப் பிறகு கான்ட்ராக்டருக்கு அங்கே என்ன அக்கறை மிச்சமிருக்கும்?

அளவுப்புத்தகம்:
இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில்: அக்கறை குறைந்துவிடும். அது இந்த முறையின் உண்மையான பலவீனம். உச்சவரம்பை நெருங்கும் திட்டத்தில் நல்ல எஞ்சினியர்களை வேறு சைட்டுக்கு நகர்த்துவது முதல் அறிகுறி. அதைத் தடுக்கத்தான் முக்கிய ஆட்களின் பெயர்களை ஒப்பந்தத்திலேயே எழுதி, மாற்றுவதற்குத் தலைமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று வைப்பார்கள்.

முதல் கேள்விக்கு: லம்ப்சம்மில் அபாயம் கான்ட்ராக்டர் தலையில் போகிறது என்பது காகிதத்தில்தான். பாதியில் அவர் நொடித்தால் முடித்துக்கொள்வது யார்? லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் 5ஆம் முனையத்தில் அதன் உரிமையாளரான பி.ஏ.ஏ. இதை வெளிப்படையாகவே எழுதியது. சுமார் 430 கோடி பவுண்டு வேலை. கெட்டுப்போனால் பாதிப்பு எப்படியும் விமான நிலையத்துக்குத்தான், ஆகவே அபாயத்தை நாமே வைத்துக்கொள்கிறோம், நீங்கள் பிரச்சினையைத் தீருங்கள் என்பதே அந்த ஒப்பந்தத்தின் சாரம். இன்சூரன்ஸும் திட்டம் முழுவதுக்கும் ஒன்றாக எடுத்தார்கள்.

டக்ட்லைன்:
மூலைமட்டம், மருத்துவமனை என்றதால் காரிடாரைச் சொல்கிறேன். சண்டை எல்லாம் அங்கேதான் நடக்கும்.

மாடி உயரம் 4000 மி.மீ. ஸ்லாப் சேர்த்து பீம் ஆழம் 750. மிச்சம் 3250. ஏசி டக்ட் 400, சுற்றி இன்சுலேஷன் 25 வீதம் மேலும் கீழும் 50, ஹேங்கருக்கும் ஃபிளாஞ்சுக்கும் இன்னொரு 50: ஆக 500. மிச்சம் 2750. கீழே கேபிள் ட்ரே, கை நுழைய இடம் என்று 150. மிச்சம் 2600. ஃபால்ஸ் சீலிங் ஃபிரேம், லைட் 100. தரையிலிருந்து சீலிங் 2500. உரிமையாளர் கேட்டது 2700.

200 மி.மீ. உதைக்கிறது. தனித்தனி டெண்டர் முறையில் இது தெரியவரும்போது மூன்றாவது மாடி ஸ்லாப் போட்டு முடிந்திருக்கும். பிறகு இருக்கும் வழிகள் எல்லாமே அசிங்கம். டக்ட்டை 200 உயரத்துக்கு நசுக்கி அகலப்படுத்தலாம்: உராய்வு கூடும், ஃபேனின் அழுத்தம் கூடும், சத்தம் கூடும், பக்கத்தில் மெடிக்கல் கேஸ் பைப்புக்கு இடம் இருக்காது. பீமில் கோர் (துளை) போடலாம்: ஸ்டிரப் (பீமின் குறுக்கு வளையக் கம்பி) அறும், சப்போர்ட்டுக்குப் பக்கத்தில் போட்டால் ஷியருக்கு (வெட்டு விசை தாங்குவதற்கு) ஆபத்து, ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் கையெழுத்துப் போடமாட்டார். அவர் மறுப்பது சரிதான்.

முன்கூட்டியே உட்கார்ந்தால் விடை எளிது: காரிடார் பகுதியில் மட்டும் ஆழம் குறைந்த அகல பீம், 550. சீலிங் 2700 கிடைத்துவிடும். ஆனால் பணத்தைப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு, கம்பி கூடியதால் ஸ்ட்ரக்சர் செலவு 18 லட்சம் ஏறுகிறது. டக்ட் ஆஃப்செட், மறுபடி அடிப்பது, கோர் கட்டிங் எல்லாம் மிச்சமாகி எம்.இ.பி. பக்கம் 30 லட்சம் குறைகிறது. தனித்தனி ஒப்பந்தத்தில் சிவில்காரர் 18 லட்சத்துக்கு எக்ஸ்ட்ரா ஐட்டம் போடுவார், எம்.இ.பி.காரர் 30 லட்சத்தைப் பற்றி மூச்சுவிடமாட்டார். உரிமையாளர் கண்ணில் படுவது 18 லட்சம் ஏற்றம் மட்டும். "வேண்டாம்" என்பார். ஒரே தொட்டியில் பணம் இருந்தால் அதே முடிவு 12 லட்சம் மிச்சம், எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

கலிஃபோர்னியாவில் சட்டர் ஹெல்த் தன் காஸ்ட்ரோ வேலி மருத்துவமனைக்கு 11 தரப்பையும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவைத்தது இதற்காகத்தான். நிலநடுக்கச் சட்டம் பழைய கட்டடத்துக்கு நாள் குறித்துவிட்டது, தள்ளிப்போட வழியில்லை. எம்.இ.பி. சப்-கான்ட்ராக்டர்கள் டிசைன் ஆட்களோடு ஒரே மாடலில் வேலை பார்த்தார்கள். 2012 டிசம்பரில் திறந்தது.

சென்ட்ரிங்:
> முன்கூட்டியே உட்கார்ந்தால் விடை எளிது

பிம் மாடல் (கட்டடத்தின் முப்பரிமாணக் கணினி மாடல்) வைத்து கிளாஷ் (ஒன்றோடொன்று மோதும் இடம்) பார்த்தாலே இது கிடைக்குமே. அதற்கு எதற்கு 11 பேர் கையெழுத்து?

டக்ட்லைன்:
கிளாஷ் இருப்பதை பிம் காட்டும். யார் நகரவேண்டும் என்று சொல்லாது. நகர்பவர் காசு போகுமென்றால் மாடலில் சிவப்புப் புள்ளி சிவப்பாகவே இருக்கும். இன்னொன்று: கன்சல்டன்ட் வரைந்த டக்ட்டும் ஃபேப்ரிகேட்டர் அடிக்கப்போகும் டக்ட்டும் ஒன்றல்ல. ஜாயின்ட் எங்கே வரும், ஹேங்கர் எங்கே தொங்கும், டேம்பரைத் திறக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது அடிப்பவருக்குத்தான் தெரியும். அவர் இல்லாத மாடலில் கிளாஷ் பூஜ்யம் என்றால் சந்தேகப்படுங்கள்.

ரசமட்டம்:
ஒப்பந்தம் சரியாக இருந்தாலும் சைட்டில் வாரா வாரம் நடப்பது வேறு. லாஸ்ட் பிளானர் முறையை (வேலையைச் செய்விப்பவரே வாரத் திட்டம் போடுவது) பற்றி யாரும் சொல்லவில்லை. அது இல்லாத ஐ.பி.டி. வெறும் மீட்டிங்.

சுவரில் நீளமாக ஒரு தாள். கடைசி மைல்கல்லிலிருந்து பின்னோக்கி வரவேண்டும்: மூன்றாம் மாடி ஃபால்ஸ் சீலிங் மூட என்ன முடிந்திருக்கவேண்டும்? ஸ்பிரிங்க்ளர் பிரஷர் டெஸ்ட். அதற்கு முன்? பைப். ஒவ்வொரு சப்-கான்ட்ராக்டருக்கும் ஒரு நிறச் சீட்டு. எழுதுவது அந்த வேலையைச் செய்விக்கும் ஃபோர்மன். பிளானிங் எஞ்சினியர் எழுதி ஒட்டினால் பாழ். பிறகு ஆறு வாரப் பார்வை: வரப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் என்ன தடை என்று பட்டியல். படம், பொருள், ஆள், முந்தைய வேலை, இடம், அனுமதி. தடை நீங்காத வேலை வாரத் திட்டத்துக்குள் வரக்கூடாது.

வாரக் கடைசியில் ஒரே எண்: சொன்னதில் எத்தனை முடிந்தது. 40 சொல்லி 26 முடிந்தால் 65 சதவீதம். 90 சதவீதம் முடிந்த வேலைக்கு மதிப்பெண் பூஜ்யம், ஏனென்றால் அடுத்தவர் உள்ளே வரமுடியாது. இந்த முறையை உருவாக்கிய பாலார்டும் ஹவெலும் சாதாரண சைட்டுகளை அளந்தபோது பாதியை ஒட்டித்தான் வந்தது. பெயர்பெற்ற கம்பெனிகளிலும் அப்படித்தான்.

கெடுவது எங்கே? அந்த எண்ணை மேலே ரிப்போர்ட்டில் போட்டு "ஏன் குறைந்தது" என்று திட்ட ஆரம்பித்த நாளில். மறுவாரம் எல்லோரும் கையில் முடிந்த வேலையையே வாக்காகக் கொடுப்பார்கள், 95 வரும், திட்டம் பின்தங்கும். எண்ணை விட்டுவிட்டு, முடியாததற்கான காரணங்களை எண்ணுங்கள். 14 தோல்வியில் 6 "படம் தெளிவில்லை" என்றால் வேலை டிசைன் மேசையில் இருக்கிறது.

சென்ட்ரிங்:
சரி, என் பெரிய சந்தேகம் இலக்குச் செலவு. மிச்சத்தில் பங்கு என்றால், இலக்கை 200க்குப் பதில் 225 என்று நிர்ணயிக்கவைத்துவிட்டால் போதுமே. வேலை 200இல் முடியும், எல்லோரும் விருது வாங்குவார்கள், உரிமையாளர் கைதட்டிப் பணம் கொடுப்பார். டெண்டர் போட்டி இல்லாதபோது அந்த எண்ணை யார் சரிபார்ப்பது?

அளவுப்புத்தகம்:
இந்த இழையிலேயே சரியான அடி இதுதான். ஆஸ்திரேலிய மாநில நிதித் துறைகள் சேர்ந்து 2009இல் அலையன்ஸ் திட்டங்களை ஆராய்ந்தபோது கண்டது இதையேதான்: இலக்கோடு ஒப்பிட்டால் எல்லாம் அழகு, திட்டம் ஒப்புதல் பெற்றபோது சொன்ன மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் இலக்கே பல படி மேலே. அதற்குப் பிறகு அங்கே விலைப் போட்டியையும் உள்ளே கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டு குழுக்களைத் தேர்ந்து, இருவருக்கும் டிசைன் செலவைக் கொடுத்து, தனித்தனியாக இலக்குச் செலவு போடவைத்து ஒருவரை எடுப்பது. தோற்ற குழுவுக்கான செலவு உரிமையாளருடையது என்பது இதன் விலை.

ஒரே குழு என்றால் குறைந்தபட்சம் உரிமையாளர் தன் செலவில் வெளி மதிப்பீட்டாளர் ஒருவரை வைத்து, அவர் முதலிலிருந்தே அதே அறையில் உட்காரவேண்டும். கடைசியில் கொண்டுவந்து "சரிபாருங்கள்" என்றால் பிரயோஜனமில்லை. அவர் பார்க்கவேண்டியது விலையைவிட அளவும் உற்பத்தித்திறனும்: ஒரு கேங் நாளைக்கு எத்தனை சதுர மீட்டர் ஷட்டரிங், கம்பி எத்தனை சதவீத வேஸ்டேஜ், கிரேன் எத்தனை மாதம். கொழுப்பு ஒளிந்திருப்பது அங்கே.

தற்செயல் நிதியும் (எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கும் தொகை) அப்படித்தான். ஐந்து சப்-கான்ட்ராக்டரும் தங்கள் விலைக்குள் கொஞ்சம் ஒளித்துவைப்பார்கள், மெயின் கான்ட்ராக்டர் அதன் மேல் ஒன்று, உரிமையாளர் தனியாக ஒன்று. எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரே இடத்தில், எந்த அபாயத்துக்கு எவ்வளவு என்று பெயரெழுதி வையுங்கள். அபாயம் கடந்துபோனால் அந்தத் தொகை அந்த மாதமே விடுவிக்கப்படவேண்டும்.

தூக்குக்குண்டு:
இலக்கு வீங்காமல் இருக்க நியூசிலாந்தில் செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கங்களுக்குப் பிறகு, சாக்கடை, குடிநீர், மழைநீர்க் குழாய், சாலை எல்லாம் சீர்செய்ய 2011இல் ஸ்கர்ட் என்ற அலையன்ஸ். அரசுப் பக்கம் மூன்று அமைப்புகள், கான்ட்ராக்டர் ஐந்து பேர். 700க்கும் மேற்பட்ட சிறு திட்டங்கள். நட்ட-லாபம் ஐவருக்கும் பொது. ஆனால் அடுத்த வேலை யாருக்கு எவ்வளவு என்பது யார் எப்படிச் செய்தார் என்பதைப் பொறுத்தது. சரியாகச் செய்யாதவருக்கு வேலை குறையும். ஒரே தட்டில் சாப்பாடு, ஆனால் அடுத்த கரண்டிக்குப் போட்டி. பூமிக்கடியில் எந்தக் குழாய் உடைந்திருக்கிறது என்று கேமரா விட்டுப் பார்க்கும்வரை தெரியாத வேலை அது. அளவே தெரியாததற்கு லம்ப்சம் டெண்டர் எப்படிப் போடுவது?

இந்த வழி எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். வட கடலில் பி.பி.யின் ஆண்ட்ரூ வயல், 1990களின் நடுப்பகுதி. முதல் மதிப்பீடு 450 மில்லியன் பவுண்டு, அந்த விலைக்கு லாபமில்லை. ஏழு கான்ட்ராக்டர்களோடு உட்கார்ந்து இலக்கு 373, முடிந்தது 290, ஆறு மாதம் முன்னதாக. ஒரே மாதிரி கட்டடத்தைத் திரும்பத்திரும்பக் கட்டுபவருக்கு இது தேவையே இல்லை. பள்ளிக்கூடம், குடியிருப்பு பிளாக் எல்லாம் நல்ல படம் போட்டு டெண்டர் விட்டாலே போதும்.

சென்ட்ரிங்:
ஹீத்ரோவைப் புகழ்ந்தீர்களே, 2008 மார்ச் 27 திறப்பு நாளில் லக்கேஜ் சிஸ்டம் மாட்டி விமானங்கள் ரத்தானது?

தூக்குக்குண்டு:
ஆம். கட்டுமானத்துக்குள் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தார்கள். அதை இயக்கப்போகிற விமான நிறுவன ஊழியர்கள் வெளியே. கடைசிக் கட்ட இழுபறியில் சுருங்கியது சோதனைக்கும் ஊழியர் பழகுவதற்கும் இருந்த நேரம். கார் நிறுத்தம் எங்கே, எந்தக் கதவு திறக்கும் என்பதே பலருக்குத் தெரியவில்லை. மூலைமட்டம், உங்கள் திட்டத்தில் அந்த இடம் யாருடையது தெரியுமா? நர்சிங் சூப்பரின்டென்டென்ட், பயோமெடிக்கல் எஞ்சினியர், சி.எஸ்.எஸ்.டி. (கருவிகளைக் கிருமிநீக்கும் பிரிவு) பொறுப்பாளர். டிசைன் கூட்டத்தில் அவர்கள் நாற்காலி காலியாக இருந்தால் ஒப்பந்தம் காப்பாற்றாது.

ஷரத்து28:
சட்டப் பக்கம் ஒன்று. அலையன்ஸின் முதுகெலும்பு "குற்றம் சாட்டுவதில்லை" ஷரத்து: வேண்டுமென்றே செய்த துரோகம் தவிர வேறெதற்கும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடமாட்டோம். ஆஸ்திரேலிய வாசகத்தை அப்படியே எடுத்து இந்திய ஒப்பந்தத்தில் ஒட்டாதீர்கள். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உரிமையைச் சட்டப்படி நிலைநாட்டுவதை முழுவதும் தடுக்கும் உடன்பாட்டை அந்த அளவுக்குச் செல்லாததாக்குகிறது. நடுவர் தீர்ப்புக்கு விலக்கு உண்டு. ஆகவே "வழக்குப் போடமாட்டோம்" என்பதைவிட, "இன்ன இன்ன இழப்புக்குப் பொறுப்பே எழாது, அது முதல் கூறில் செலவாகச் சேரும்" என்று எழுதுவது பாதுகாப்பு. மிஞ்சுவதற்கு நடுவர் மன்றம் வையுங்கள். வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

இன்சூரன்ஸ் அடுத்த பள்ளம். கன்சல்டன்ட்டின் தொழில்சார் பாலிசி அவர் பொறுப்பாளி என்று ஆனால்தான் பணம் தரும். குற்றமே இல்லை என்றால் பொறுப்பு இல்லை, கிளெய்மும் இல்லை. திட்டம் முழுவதுக்கும் சேர்த்து, தவறு யாருடையது என்று கேட்காத பாலிசி வேண்டும். இங்கிலாந்தில் டட்லி கல்லூரியின் ஒரு கட்டடத்தில் இதைச் செய்துபார்த்தார்கள். கிடைக்காவிட்டால் டிசைன் பிழைக்கான பொறுப்பை மட்டும் ஒப்பந்தத்துக்கு வெளியே பழையபடி வைத்துக்கொள்வது நடைமுறை. அழகில்லை, ஆனால் வேலை செய்யும்.

அரசுப் பணம் கலந்திருந்தால் இன்னொரு கதை. மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் எல்-1க்கு மாற்றாகத் தரத்துக்கும் மதிப்பெண் கொடுத்து வேலை தர வழிவிட்டது, ஆனால் தரத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் இல்லை. தமிழ்நாட்டு அரசு அமைப்பென்றால் 1998 டெண்டர் வெளிப்படைச் சட்டம். விலையே சொல்லாமல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முழு அலையன்ஸ் இதற்குள் அடங்குவது கஷ்டம். தனியார் அறக்கட்டளைக்கு இந்தக் கட்டு இல்லை.

மூலைமட்டம்:
தனியார்தான். ஆனால் முழு அலையன்ஸுக்குக் கான்ட்ராக்டர்கள் கணக்கைத் திறப்பார்கள் என்று தோன்றவில்லை. நடுவழி ஏதாவது?

அளவுப்புத்தகம்:
இலக்குச் செலவு ஒப்பந்தம், என்.இ.சி.யின் (பிரிட்டனில் உருவான மாதிரி ஒப்பந்தத் தொகுப்பு) ஆப்ஷன் சி மாதிரி. இரு தரப்புதான், ஆனால் திறந்த கணக்கு, பங்கீடு உண்டு. அதில் நல்ல உறுப்பு முன்னெச்சரிக்கைப் பதிவேடு: செலவோ நாளோ கூடும் என்று தெரிந்தவுடனே யார் தெரிந்துகொண்டாரோ அவர் சொல்லவேண்டும். பெரும்பாலான ஈடு நிகழ்வுகளை (கூடுதல் பணமோ நாளோ கேட்க இடம்தருபவை) கான்ட்ராக்டர் தெரிந்த 8 வாரத்துக்குள் அறிவிக்காவிட்டால் பணமும் நாளும் போச்சு. கடைசி பில்லில் மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டும் வழக்கம் அங்கே செல்லாது.

உடைவது "அனுமதிக்காத செலவு" என்ற இடத்தில். இந்த ஆள் சைட்டில்தான் இருந்தாரா, இந்த டீசல் இங்கேதான் எரிந்ததா என்று மாதாமாதம் சண்டை. சைட்டுக்கெனத் தனி வங்கிக் கணக்கு, தனி காஸ்ட் கோடு, முதல் மாதத்திலிருந்தே ஆடிட்டர். ஆறு மாதம் கழித்து வைத்தால் அந்த ஆறு மாதமும் தகராறு.

ரசமட்டம்:
இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டம் 10, 12 வாரம்: சிவில், எச்.வி.ஏ.சி. (ஏசி, காற்றோட்டம்), எலக்ட்ரிகல், பிளம்பிங்-மெடிக்கல் கேஸ், முகப்பு. மற்றவர் வேலையைத் தொடுபவர் மட்டும். டைல்ஸ், பெயின்ட் பிறகு டெண்டரில் வரட்டும். இந்தக் கட்டத்துக்குச் செலவை மட்டும் கொடுங்கள். கேள்வி ஒன்றே: கேட்ட 200 படுக்கை, கையிலுள்ள பணத்துக்குள் வருமா? வராதென்றால் அப்போதே நிறுத்துங்கள்.

சென்ட்ரிங்:
நிறுத்தமுடியாது என்பதுதான் பிரச்சினை. மூன்று மாதம் உள்ளே இருந்தவர் இரண்டாம் கட்ட விலையைச் சொல்லும்போது உரிமையாளருக்கு வேறு ஆளே இருக்காது. அவருக்கும் அது தெரியும்.

ஷரத்து28:
அதற்கு முதல் கட்ட ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: படம், மாடல், அளவுப் பட்டியல், சப்-கான்ட்ராக்டர்களின் கோட்டேஷன் எல்லாம் பணம் கொடுத்த அன்றே உரிமையாளர் சொத்து. மாடல் நேட்டிவ் ஃபைலாக (திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பு), மாதம் ஒருமுறை ஒப்படைக்கவேண்டும், பி.டி.எஃப். போதாது.

சென்ட்ரிங்:
இதை ஒப்புக்கொள்கிற கான்ட்ராக்டர் வந்தால் சொல்லுங்கள், மேலே பேசலாம்.